அம்மா அடைத்த தண்ணீர்

சித்திரை விடுமுறைக்கு மாமா வீட்டுக்குப் போய் இரணைமடுக் குளம் பார்த்து வரப்போகிறோம் என்றுதான் அயலெல்லாம் சொல்லிவிட்டு யாழ்ப்பாணத்தில் ரயிலேறினோம். உண்மையில் அப்பா எங்களைக் கிளிநொச்சிக்குக் கூட்டிப்போனது அம்மாவுக்குக் காணி காட்ட. அம்மாவின் தம்பியான மாமா சில வருடங்களுக்கு முன்பே அங்கே குடியேறி நெல் விதைத்துக்கொண்டிருந்தார். அவருடைய வயலை ஒட்டி, அரசாங்கக் குடியேற்றத் திட்டத்தில் அப்பாவுக்கும் வயலும், அதற்கு மேலே வீடு கட்ட ஒரு மேட்டுக் காணியும் கிடைத்திருந்தன. வேண்டுமா வேண்டாமா என்று காணிக் கந்தோரில் போய்ச் சொல்லவேண்டியதுதான் மிச்சம். அம்மா ஓமென்றால் போவது, இல்லையென்றால் அந்தக் கதையை விட்டுவிடுவது என்று அப்பா சொல்லியிருந்தார். அம்மா அதுவரை இல்லையென்றே சொல்லிக்கொண்டிருந்தார். காய்ச்சல், யானை, நல்லது கெட்டதுக்குச் சொந்தக்காரர் இல்லாத காடு என்று காரணங்கள் அவரிடம் நிறைய இருந்தன.

எனக்குப் பத்து வயது. எப்படியாவது கிளிநொச்சிக்குப் போய்விட வேண்டும் என்றிருந்தது. ஊரில் எங்களுடையது பங்குக் கிணறு. சொந்தக்காரர் பல பேருக்கு ஒரே கிணறு; தோட்டத்துக்கு இறைக்க ஆளுக்கொரு முறைநாள். நாங்கள் கொஞ்சம் பிந்தினால் பெரியப்பா வீட்டார் வந்து நீரிறைக்கும் துலாவைப் பிடித்துக்கொள்வார்கள். அப்பா துலா மிதிக்க, அம்மா பாத்திபாத்தியாகத் தண்ணீரை மாற்றிவிடுவார். வாய்க்காலில் ஒரு சிரட்டைத் தண்ணீர் சிந்தினாலும் அவருக்குப் பொறுக்காது. அந்தக் கிணற்றடியில் வாய்ச்சண்டை முற்றி அம்மா அழுததைப் பார்த்ததிலிருந்து எனக்கு அந்தக் கிணற்றையே பிடிக்காது.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலை மாமா வண்டிலில் வைக்கோல் பரப்பி எங்களை ஏற்றினார். கலியாணத் தரகரே அவரிடம் தோற்றுப்போவார். முதல்நாள் நாங்கள் வந்திறங்கிய ரயில் நிலையத்தையே திரும்பக் காட்டினார். கடைகளைக் காட்டினார். நெல்லுக் குற்றும் மில்லைக் காட்டினார். ஓலைக் கொட்டிலாக நின்ற பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வண்டிலை நிறுத்தி, “இதிலை பெரிய கட்டடம் வரப்போகுது அக்கா” என்றார்.

“வந்தாப் பிறகு பாப்பம்” என்றார் அம்மா.

வழியில் யானை லத்தி கிடந்தது. மாமா மாட்டை விரட்டிப் பார்த்தார். அம்மாவின் கண்ணுக்கு அது தப்பவில்லை.

“உதென்னடா?”

“அது பழசக்கா.”

“பழைய யானையோ?”

அப்பா மறுபக்கம் திரும்பிச் சிரித்தார்.

குளம் என்றால் எங்கள் ஊரில் மாரியில் தவளை கத்தும், கோடையில் பிள்ளைகள் பந்தடிக்கும் இடம். இரணைமடு அணைக்கட்டில் ஏறினோம். கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். சிறுபோக நெல் விதைப்புக்குத் திறந்துவிட்டிருந்ததால் கட்டின் மறுபக்கம் வாய்க்கால் நிறைந்து ஓடியது. அம்மா கட்டின் இரண்டு பக்கமும் மாறிமாறிப் பார்த்தார்.

“எப்பிடி அக்கா?” என்றார் மாமா.

“தண்ணி கிடக்குத்தான். திறக்கிறவன் திறந்தாத்தானே உனக்கு? இஞ்சையும் முறைதானே?”

“ஓம், முறைதான்.”

“முறையெண்டா சண்டைதான். அதுக்கு ஊரிலையே இருக்கலாம்.”

மாமா தலையைச் சொறிந்தார். அப்பா குனிந்து ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் எறிந்தார். எல்லாம் முடிந்தது என்று எனக்கு அழுகை வந்தது.

மர நிழலில் மாமி கட்டித்தந்த சோற்றை அவிழ்த்தோம். பொரித்த குளத்து மீனில் சேற்று மணம் என்று அம்மா தன் துண்டை என் இலையில் வைத்தார். எருமைத் தயிரை மட்டும் இரண்டாம் தரமும் வாங்கினார். மாமாவின் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

வெயில் தணிந்த பிறகு மாமாவின் வயலுக்கு வந்தோம். உழவுக்காகத் தண்ணீர் நிறைந்து கிடந்தது. மாமா அப்பாவுடன் கதைத்தபடி பின்னால் வர, அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரம்பில் முன்னால் நடந்தார். ஓரிடத்தில் வரம்பு வெட்டுப்பட்டுத் தண்ணீர் கீழே ஓடிக்கொண்டிருந்தது. அம்மா ஒன்றும் யோசிக்கவில்லை. குனிந்து இரண்டு கையாலும் சேற்றை அள்ளிப்போட்டு, காலால் மிதித்து, கண்மூடித் திறப்பதற்குள் அடைத்துவிட்டார்.

“தண்ணி வீணா ஓடுது, கதைச்சுக்கொண்டு வாறியள்” என்று பின்னால் வந்தவர்களுக்கு ஏச்சும் விழுந்தது.

கீழ் வயலிலிருந்து மண்வெட்டியோடு ஒருவர் ஏறி வந்தார். “ஆரது தண்ணியை மறிச்சது?”

நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் கிணற்றடியில் இப்படித்தான் தொடங்கும்.

“அக்கா, அது அவரின்ரை வயலுக்குப் போற தண்ணி” என்றார் மாமா மெல்ல. “என்ரை வயல் நிரம்பிட்டுது. இனி அவருக்கு.”

அம்மாவின் முகம் கறுத்தது. “சிந்திப் போகுதெண்டு நினைச்சன் தம்பி. குறை நினையாதேங்கோ.”

அவர் முழங்கைவரை சேறாக நின்ற அம்மாவைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார்.

“யாழ்ப்பாணமோ அக்கா? என்ரை மனுசியும் வந்த புதிசிலை கண்ட தண்ணி வாயெல்லாம் அடைச்சுக்கொண்டு திரிஞ்சவா. இந்தாங்கோ, நீங்களே வெட்டி விடுங்கோ.”

அம்மா மண்வெட்டியை வாங்கி வெட்டினார். தண்ணீர் பாய்ந்து காய்ந்த மண்ணை நனைத்துக்கொண்டு போனது.

“உங்கடை வயல் நிரம்பினா?”

“அங்காலை போகும்.”

“அதுக்குப் பிறகு?”

“அதுக்கும் அங்காலை.”

“எல்லாருக்கும் தண்ணி காணுமோ?”

“இந்தமுறை காணும் அக்கா. காணாத வருசமும் இருக்கு. அப்ப எல்லாரும் குறைச்சுத்தான் விதைப்பம்.”

மாமா காலையிலிருந்து சொன்ன பெருமைகளைவிட இந்த உண்மை அம்மாவுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். பிறகு வீட்டுக்குத் திரும்பலாம் என்று மாமா சொன்னபோது, அம்மா மேட்டுக் காணியையும் பார்த்துவிட்டுப் போவோம் என்றார்.

அங்கே பார்க்க ஒன்றுமில்லை. பற்றையும் முள்ளும், நடுவில் ஒரு பாலை மரமும்.

“குடிக்கத் தண்ணி?”

“கிணறு வெட்டலாம் அக்கா.”

“ஆரோடை பங்கு?”

மாமாவுக்கு விளங்கவில்லை. அங்கே வந்து அவருக்கு அந்தச் சொல்லே மறந்துபோயிருந்தது. “பங்கோ? உங்கடை காணியிலை உங்கடை கிணறு. இதிலை ஆருக்குப் பங்கு?”

அம்மா கையில் காய்ந்திருந்த சேற்றை மெல்ல உரித்துக்கொண்டு நின்றார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

“இஞ்சாருங்கோ, கிணத்தை அந்த மூலையிலை வெட்டுவம். குசினிக்குக் கிட்ட.”

சமையலறை ஏது, வீடே இல்லை. அப்பா வெறுங்காலோடு முள்ளுக்குள் இறங்கிப் போய், அந்த மூலையில் நின்று திரும்பி, “இதிலையோ?” என்றார்.

“இன்னும் கொஞ்சம் அங்காலை” என்றார் அம்மா.