ரத்தம் தேறியும் விடாத ராஜாத்தி டாக்டர்

ராஜாத்தி டாக்டர் போய்விட்டார் என்று அவருடைய தம்பி போனில் சொன்னபோது எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. சில நாளாகவே நெஞ்சு வலித்திருக்கிறது. வாயு என்று தானே முடிவு செய்து, இஞ்சியைத் தட்டிப்போட்டுக் குடித்துவிட்டு, போடியில் தன் கிளினிக்கில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இதையே ஒரு நோயாளி செய்திருந்தால் தெருவுக்கே கேட்கும்படி திட்டியிருப்பார். இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அந்தத் திட்டை வாங்கியவர்கள்தாம்.

அதே ஊரில் ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கும் மருத்துவன் நான். என் பங்கு சற்று அதிகம். அவருடைய போன் அழைப்பில் வணக்கம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை இலையில் கை வைக்கும்போதுதான் மணி அடிக்கும். “ஒங்க தங்கச்சி” என்று என் மனைவி கேலியாகப் போனை நீட்டுவாள். எடுத்தால், “அண்ணே, அந்த ரிப்போர்ட்டு சரியில்லண்ணே” என்று நடுவிலிருந்து பேச்சு தொடங்கும்.

முத்துப்பேச்சி விஷயத்திலும் அப்படித்தான் தொடங்கியது. ராசிங்காபுரத்துக்காரர், தினமும் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எடுப்பவர். ஒரு சமயம் வெளிறிப்போய், மூச்சு வாங்கி, வேலைக்குப் போக முடியாமல் கிடந்திருக்கிறார். வெளியூரில் யாரோ ஃபோலிக் அமில மாத்திரை கொடுக்க, தெம்பு வந்து மறுபடி மலைக்குப் போனார். ஆனால் கால் மரத்துக்கொண்டே வந்தது. ஒருநாள் சரிவில் காலடியில் தரை இருப்பதே தெரியாமல் உருண்டுவிட்டார்.

லேசான சோகை, சிவப்பணுக்கள் சற்றுப் பெரியவை என்று நான் எழுதிக்கொடுத்தேன். அன்று மாலையே செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்து நின்றார் ராஜாத்தி.

“ரத்தம் தேறிருச்சு. காலு ஏன் தேறல? சொல்லுங்க.”

“எனக்கு வந்தது ரத்தம். கால் வரலயேம்மா” என்றேன், எரிச்சலோடு.

“அப்ப வாங்க, காலப் பாக்கலாம்.”

இழுத்துக்கொண்டுதான் போனார். முத்துப்பேச்சி கண்ணை மூடியிருக்க, ராஜாத்தி அவருடைய கால் கட்டைவிரலை மேலே வளைத்தார். “மேலயா, கீழயா?” “தெரியலயே தாயி” என்றார் முத்துப்பேச்சி. அதன்பிறகு நான் திரும்பி வந்து வெள்ளணுக்களைப் பொறுமையாகப் பார்த்தேன். சிலவற்றின் கரு வழக்கத்தைவிட அதிகத் துண்டுகளாக இருந்தது. பி12 வைட்டமின் பற்றாக்குறையின் அடையாளம் அது.

எலும்பு மஜ்ஜையில் ஓர் அணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால் முதலில் தன் டிஎன்ஏவை நகலெடுக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. அது வேலைக்கு உதவும் வடிவத்துக்குத் திரும்ப பி12 தேவை. ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் மெத்தியோனினாக மாறும் இடத்தில்தான் பி12 நின்று அந்த ஃபோலிக்கை விடுவிக்கிறது. அது இல்லாவிட்டால் அணு பெரிதாகும், ஆனால் பிரியாது. ஃபோலிக் மாத்திரையை மட்டும் கொட்டினால் மஜ்ஜை ஒருவாறு சமாளித்துக்கொள்ளும், நரம்பு சமாளிக்காது. இதை ராஜாத்தி மருந்துக்கடைக்காரரிடம், தோட்டத்துக் கங்காணியிடம், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தவரிடம் என்று ஒருவரையும் விடாமல் சொன்னார்.

முத்துப்பேச்சியின் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. “கறி, மீனு எல்லாந்தான் திங்கிறா டாக்டரம்மா. சத்து எப்பிடிக் கொறையும்?”

“திங்கிறது வாயி. உள்ள எடுக்க வேண்டியது வயிறும் குடலும். அதுக்கு எடுக்க முடியல. அதான் ஊசி. மாசாமாசம், ஆயுசுக்கும்.”

சில மாதங்களில் முத்துப்பேச்சி நன்றாக நடந்தார். நன்றாக நடந்ததும் ஊசிக்கு வருவதை நிறுத்திவிட்டார். கிளினிக் திறப்பதற்குள் ஜீப்பு மலையேறிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். கேட்டதும் ராஜாத்தி பல்லைக் கடித்தார். மறுநாள் விடிகாலையில் ஊசியோடு ஜீப்பு நிற்கும் இடத்துக்கே போய்விட்டார். சாட்சிக்கு என்னையும் எழுப்பிக் கூட்டிப்போனார்.

“வெரசா போணும் டாக்டரம்மா, மேல சோலி கெடக்கு” என்று டிரைவர் ஹாரனை அழுத்தினார்.

“ஹார்ன் அடிச்சா ஒனக்கும் போடுவேன். ஆத்தா, கையக் காட்டு.”

ஜீப்புக்குள் இருந்த பெண்கள் சிரித்தார்கள். முத்துப்பேச்சி வெட்கத்தோடு கையை நீட்டினார். அந்த வருடம் முழுக்க, மாதம் ஒரு காலை, இது நடந்தது. பிறகு கணவரே அவரைக் கிளினிக்குக் கூட்டிவரத் தொடங்கினார். மரணவீட்டில் முத்துப்பேச்சியைப் பார்த்தேன். “எங்காலப் பத்தியே கேட்டாகளே, அவுக நெஞ்ச யாரு கேட்டா?” என்றார். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார் என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அவருடைய நினைவாக ஒரு படம் மாட்டலாம் என்றார்கள். எனக்கு அது வேண்டாம். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறு. இப்போதெல்லாம் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுமுன் வெளியே பெஞ்சுக்குப் போய், ரத்தம் கொடுத்தவரிடமே கேட்கிறேன்: “ஒடம்புக்கு என்ன செய்யிது?” பாதிப்பேர், “அதத்தான ஒங்க மிஷினு சொல்லணும்?” என்கிறார்கள். நான் நகருவதில்லை. சொல்லும்வரை அங்கேயே உட்கார்ந்துகொள்கிறேன்.