கேள்விக்கு முந்திய ஒரு நிமிடம்

இது இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் லண்டனில் நடந்தது. கணவரின் ஐ.டி. வேலைக்காக நாங்கள் வந்து ரெய்னர்ஸ் லேனில் குடியிருந்தோம். வீட்டில் பேச ஆளில்லாமல் சுவரோடு பேசிக்கொண்டிருந்த எனக்கு, நகரத்தின் நடுவே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பகுதிநேர வேலை கிடைத்தது. அரசாங்கத்தின் கொள்கைகள் சாதாரண ஜனங்களை என்ன பாடு படுத்துகின்றன என்று பார்த்து எழுதுகிற இடம் அது. மருத்துவம் மனித உரிமை என்கிறார்களே, அகதியாக வந்த, ஆங்கிலம் தெரியாத முதியவர்களின் கைக்கு அந்த உரிமை எட்டுகிறதா என்பதுதான் அப்போது நடந்த ஆய்வு. தமிழ் பேசுவாள் என்பதற்காக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

தமிழ்தான், ஆனால் என்னுடையது திருநெல்வேலித் தமிழ். நான் பேட்டி எடுக்கப் போனதோ யாழ்ப்பாணத்து அம்மாக்களை. முதல் வீட்டில் புட்டைப் பரிமாறிக்கொண்டே "காணுமோ?" என்றார்கள். எதைக் காணச் சொல்கிறார்கள் என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். தட்டில் இன்னும் ஒரு குவியல் விழுந்தது. 'காணும்' என்றால் அவர்கள் பேச்சில் 'போதும்' என்று தெரிந்துகொள்வதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிட்டது.

லண்டனின் கிழக்கு ஓரத்தில், குட்மேய்ஸில் ஓர் அம்மாவைப் பேட்டி எடுத்தேன். எழுபதைத் தாண்டியவர். மகன் டென்மார்க்கில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து எலக்ட்ரிஷியனாக இருந்தார். மகன், மருமகளோடு அம்மா. நான் போனது ஒரு காலை நேரம். இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அம்மா எனக்காகவே ஒரு நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ரெக்கார்டரை மேஜையில் வைத்ததும், பேட்டி கொடுப்பவரைச் சும்மா ஏதாவது பேசச் சொல்லி, குரல் ஒழுங்காகப் பதிகிறதா என்று பார்ப்போம். அதற்குப் பிறகுதான், உங்கள் பெயர் எங்கும் வராது, நீங்கள் சொல்வதை உங்கள் வீட்டாரிடம்கூடச் சொல்ல மாட்டோம், ஆய்வு முடிந்ததும் பதிவை அழித்துவிடுவோம் என்று வாக்குக் கொடுத்து, சம்மதம் வாங்கி, முதல் கேள்வியைக் கேட்போம். சும்மா பேசுங்கள் என்றால் யாருக்கும் வாய் வராது. அதனால் நான் எல்லோரிடமும் இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டுவிடுவேன்.

அன்று அந்த அம்மா மனம்விட்டுப் பேசினார். டாக்டரிடம் போகும்போதெல்லாம் மகன்தான் கூட வந்து ஆங்கிலத்தில் சொல்வாராம். பெற்ற மகனை வைத்துக்கொண்டு ஒரு பெண் எல்லாவற்றையும் சொல்ல முடியுமா? தன் உடம்பில் இருந்த ஒரு தொந்தரவை அவர் நெடுநாள் வாயைத் திறக்காமல் பொறுத்திருந்தார். அது என்னவென்று இங்கேயும் எழுத மாட்டேன். கூடவே மகன் மீது சின்னச் சின்ன மனத்தாங்கல்களும் இருந்தன. எல்லாம் சொல்லி முடித்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மகனுக்குத் தெரியப்படாது, பிள்ளை."

சத்தியமாகத் தெரியாது என்றேன். பிறகு எங்கள் நிலையத்தின் வழியாக ஒரு பெண் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து அவரை டாக்டரிடம் அனுப்பிவைத்தோம். தொந்தரவு தீர்ந்தது. எனக்கு ஒரே பெருமை. அறிக்கை எழுதுவதோடு நிற்காமல் உருப்படியாக ஒரு காரியம் செய்தோமே என்று கணவரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து அந்த அம்மா மாரடைப்பில் போய்விட்டார். அதை எனக்குச் சொன்னதே மகன்தான். வேலை நேரத்தில் போன் வந்தது. குரலை வைத்து ஏதோ விசாரிக்கிற ஆள் என்றுதான் நினைத்தேன்.

"தங்கச்சி, அம்மா உங்களோட கதைச்சவ எண்டு மனிசி சொன்னவ. நீங்கள் அதைப் பதிஞ்சு வைச்சிருக்கிறியளாம். எனக்கு அம்மான்ர குரல் வேணும். வேற ஒண்டும் வேண்டாம்."

மனிசி என்றது மனைவியை. செத்துப்போனார் என்ற செய்தியை விழுங்குவதற்குள் இப்படி ஒரு கேள்வி. அவரே மெல்ல விளக்கினார். வீட்டில் அம்மா இருக்கிற வீடியோக்கள் நிறைய உண்டாம். கல்யாணம், பேரனின் பிறந்தநாள், கோயில் திருவிழா என்று எல்லாவற்றிலும் அம்மா வருகிறார், வாயை அசைக்கிறார், சிரிக்கிறார். ஆனால் வீடியோ எடுத்த புண்ணியவான் ஒவ்வொன்றிலும் சத்தத்தை எடுத்துவிட்டு முழுக்கச் சினிமாப் பாட்டைப் போட்டுவைத்திருக்கிறான். போனில் குரல் விட்டிருப்பாரா என்றால், அதுவும் இல்லை. மெஷினோடு கதைக்க மாட்டேன் என்று அம்மா வைத்துவிடுவாராம்.

நான் விதியைச் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சரி தங்கச்சி என்று வைத்துவிட்டார். அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டார், அதே பணிவோடு. அன்றைக்கு வீட்டுக்குப் போய், ஒரு காரணமும் இல்லாமல் கணவர் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், மனிதர் டீ வேண்டுமா என்றுதான் கேட்டார்.

ஒரு நகல் எடுத்துக் கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கை துறுதுறுத்ததை ஒளிக்க மாட்டேன். ஆனால் விதியைத் தாண்டினாலும் அந்த அம்மாவின் கையை எப்படித் தாண்டுவது? என் விரல்களைப் பிடித்த பிடி அப்படியே நினைவில் இருந்தது. எங்கள் குழுவின் தலைவி ஸ்காட்லாந்துக்காரர், கறாரானவர், நல்லவர். அவரிடம் போய்ச் சொன்னேன். ஆள் போய்விட்டாலும் கொடுத்த வாக்கு போய்விடாது என்றார். அது எனக்கும் தெரியும். தெரிந்ததை இன்னொருவர் வாயால் கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

ஆய்வும் முடியும் கட்டத்தில் இருந்தது. பதிவுகளை அழிக்கிற வேலை என் தலையில்தான் விழுந்தது. அந்த அம்மாவின் முறை வந்தபோது, கடைசியாக ஒருமுறை கேட்டுவிடுவோம் என்று ஹெட்போனை மாட்டினேன். வழக்கமாக நான் முதல் கேள்வியிலிருந்துதான் கேட்டு எழுதுவேன். அன்று முதல்முறையாக ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டேன். சும்மா பேசுங்கம்மா, இன்னிக்கு என்ன சமையல் என்று என் குரல் கேட்டது.

தொடர்ந்து அந்த அம்மாவின் பதில். ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு தலைவியின் அறைக்கு ஓடினேன். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். ஒரு வார்த்தை புரியாமல் கேட்டு முடித்துவிட்டு, அந்தம்மா என்ன சொல்கிறார் என்றார். காலையில் சமைத்ததைச் சொல்கிறார் என்றேன். வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். பிறகு, நாம் வாக்குக் கொடுத்தது இதற்குப் பிறகு சொன்னவற்றுக்குத்தான், இது ஆய்வே இல்லை, குழம்பு என்றார். ஆனாலும் தானாக முடிவெடுக்காமல், நிலையத்தின் நெறிமுறைக் குழுவிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கினார். கறாரானவர் என்று சொன்னேனே!

மகனைக் கூப்பிட்டு, ஒரு நிமிடச் சொச்சம்தான் தர முடியும், அதுவும் வெறும் சமையல் பேச்சு என்று சொன்னேன். அன்று மத்தியானமே வந்துவிட்டார். வேலை உடுப்பு, பூட்ஸில் சிமெண்டுத் தூள், கையில் சாமான் பை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் பொத்தானை அழுத்தினேன். அவர் காதில் என்ன ஓடுகிறது என்று எனக்கு மனப்பாடம்.

"என்னத்தைப் பிள்ளை சமைக்கிறது? புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைச்சிருக்கிறன். மகன் வந்தால் பசியில்லை எண்டுதான் சொல்லுவான். நான் கேக்கிறேல்லை. கோப்பையில போட்டுக் கையில குடுத்தால் வழிச்சுத் துடைச்சுச் சாப்பிடுவான். சின்னனில இருந்தே அவன் அப்பிடித்தான்." கொஞ்சம் சிரிப்பு. பிறகு, "காணுமோ பிள்ளை, இன்னும் கதைக்கவோ?"

ஹெட்போன் போட்டவர்களுக்குத் தங்கள் சத்தம் தெரியாது. அந்த அமைதியான ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி அவர் உரத்துச் சொன்னார்.

"காணாது அம்மா."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே அது புரிந்தது எனக்கு மட்டும்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிச்சத்தில் அம்மா என்ன கதைத்தார் என்று கேட்டார். நான் ஹெட்போன் வயரைச் சுருட்டத் தொடங்கினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அவ சொல்ல வேண்டாம் எண்டிருந்தால் வேண்டாம்" என்றார். அந்த ஒரு நிமிடத்தை நான் பதிந்து கொடுத்த குறுந்தட்டைச் சட்டைப்பையில் வைத்து, பொத்தானைப் போட்டு, வாறன் தங்கச்சி என்று கிளம்பினார்.

அவர் போனதும் மிச்சப் பதிவை நானே அழித்தேன். எங்கள் அறிக்கை பின்னால் அச்சாகி வந்தது. குடும்பத்தாரை மொழிபெயர்க்க விடக்கூடாது என்று அதில் எழுதியிருந்தோம். அந்த அம்மா பெயரில்லாமல் ஒரு வரியில் இருக்கிறார்.

அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் போன் கார்டு போட்டு ஊருக்குப் பேசும்போது, மாத்திரை சாப்பிட்டியா, கரண்ட் பில் கட்டியாச்சா என்றுதான் என் அம்மாவிடம் ஆரம்பிப்பேன். அந்த வாரத்திலிருந்து முதல் கேள்வியே இன்னிக்கு என்ன சமைச்சே என்பதாகிவிட்டது. அம்மாவுக்கு ஆச்சரியம், சந்தோஷம். புளியை ஊறவைத்ததிலிருந்து தொடங்கி, கார்டில் காசு தீர்ந்து இணைப்பு அறுந்துபோகும்வரை பேசுவாள். பாதியில் அறுந்த அந்தச் சமையல்களில் ஒன்றைக்கூட நான் பதிந்து வைக்கவில்லை. உயிரோடு இருக்கிறவள் குரலைச் சேமிப்பது அபசகுனமாகப் பட்டது.

என் அம்மா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போது அந்தக் கேள்வி தானாக என் வாய்க்கு வந்துவிடுகிறது. அவ்வளவு பேசினாளே, போதாதா என்று மனதைத் தேற்றப் பார்த்தால், குட்மேய்ஸ்காரர் அன்று உரக்கச் சொன்ன அந்த ஒரு சொல்தான் எனக்கும் பதிலாக வருகிறது.