வறுத்த பயற்றைப் படம் எடுத்த காலை

நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் நிறத்துக்குப் பஞ்சமே கிடையாது. கூடத்தில் பட்டுத்தறி. கொடியில் சாயம் போட்ட நூல் அரக்கும் மஞ்சளும் கிளிப்பச்சையுமாகக் காய்ந்துகொண்டிருக்கும். தறியில் என் கணவர், பக்கத்தில் ராட்டையில் ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டு அத்தை, அதாவது என் மாமியார். இப்படிப்பட்ட வீட்டு மருமகள் ஏரி ஏரியாக அலைந்து பறவைகளைக் கருப்பு வெள்ளையில் படம் எடுக்கிறாள் என்றால் தெரு சும்மா இருக்குமா? "ஏம்மா, உன் கேமராவுல கலரே வராதா?" என்று கேட்காத ஆள் இல்லை.

கல்யாணமான புதிதில், மழைக்காலத்து விடியலில், ஐயம்பேட்டைப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் நின்றிருந்தேன். வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல். நடுவே பட்டுப்போன கருவேலமரத்தில் ஒரு நீர்க்காகம் இரண்டு இறக்கையையும் விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. கருப்புப் பறவைதான். ஆனால் ஒவ்வொரு இறகின் ஓரத்திலும் ஈரம் ஒரு வெள்ளி இழையாக மினுங்கியது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. நிறம் இருக்கும்வரை கண் அதிலேயே நின்றுவிடுகிறது. அதை எடுத்துவிட்டால்தான் எது மினுங்குகிறது, எது மங்கிக் கிடக்கிறது, எது வழுவழுப்பு, எது சொரசொரப்பு என்று பார்க்கத் தொடங்குகிறது. அன்றே கேமராவின் திரையைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றினேன். பிறகு திருப்பவே இல்லை.

அத்தைக்கு அது ஆகவே ஆகாது. எங்கள் வீடுகளில் கருப்பு வெள்ளைப் படம் என்றால் போய்ச்சேர்ந்தவர்களின் படம், மாலை போட்டு மாட்டியிருப்பது. "உசுரோட பறக்கறத எதுக்குமா செத்தவங்க மாதிரி எடுத்துக்கினு வர்ற? ஊட்டுல மாட்டாத" என்பார். என் படங்களெல்லாம் பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றன.

எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரிக்கு நடந்து நடந்து, கடைசியாகச் செய்த சிகிச்சையும் பலிக்காமல் போனது. அதன்பிறகு நான் கேமராவைத் தொடவில்லை. பாலாற்றில் தண்ணீர் வந்து வாலாஜாபாத் பாலத்தில் ஊரே நின்று வேடிக்கை பார்த்தபோதும் நான் படுத்தே கிடந்தேன். ஒரு கூட்டையோ குஞ்சையோ பார்க்க எனக்குத் தெம்பில்லை. கேமராவை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், இனி எனக்கு வேண்டாம் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன்.

அத்தை அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பிறகு ஒரு நாள் வாணலியில் பச்சைப்பயறு வறுத்து மூட்டை கட்டினார். "திருப்புட்குழிக்குப் போலாம். கேமராவையும் எடுத்துக்கினு வா" என்றார்.

திருப்புட்குழிக் கோவிலில் தாயாரிடம் ஒரு வேண்டுதல் உண்டு. பிள்ளை வேண்டுகிற பெண் குளத்தில் முங்கிவிட்டு, வறுத்த பயற்றை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். விடிந்து பார்க்கும்போது முளைவிட்டிருந்தால் பிள்ளை பிறக்கும் என்பார்கள். நாங்கள் விபூதி பூசுகிற குடும்பம், அது பெருமாள் கோவில். பிள்ளை என்று வரும்போது அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

கோவிலுக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். சாயங்காலம், நனைப்பதற்கு முன், அத்தை பயற்றைத் தட்டில் கொட்டி, "ஒரு போட்டோ எடுத்துக்கோமா" என்றார். வேண்டாவெறுப்பாகத்தான் எடுத்தேன். திரையில் பார்த்ததும் கை நின்றது. வறுபட்ட பயறு தோல் சுருங்கி மங்கிக் கிடந்தது. அதற்கு நடுவே அங்கங்கே சில மட்டும் பளபளவென்று மினுங்கின. அவை வாணலியையே பார்க்காத பச்சைப்பயறு.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என்னை ஏமாற்றுகிறாரா, தாயாரையே ஏமாற்றுகிறாரா? ஆனாலும் குளத்தில் முங்கி, பயற்றை நனைத்து மடியில் கட்டிக்கொண்டேன்.

விடிந்ததும் குளத்துப் படியில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தோம். பயறு சில தோலைப் பிளந்துகொண்டு வெள்ளையாக மூக்கை நீட்டியிருந்தன. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். என்னால் அடக்க முடியவில்லை.

"அத்தை, இதுல கொஞ்சம் நீங்க வறுக்கவே இல்லையே?"

அவர் அசரவில்லை. "எல்லாத்தையும் வறுத்துட்டா எதுமா முளைக்கும்? தாயாருக்கு நாமளும் கொஞ்சம் வழி உடணும்ல?" என்றார். பிறகு குரலை இறக்கி, "நீ படுத்தே கெடந்தியேமா. நான் வேற இன்னா பண்றது?" என்று என் முந்தானையைச் சரிசெய்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிட்டத்தில் எடுக்கும் லென்ஸை மாட்டிக் குனிந்தேன். அந்த முளை திரை முழுக்க நிறைந்தது. அதன்மேல் பூனைமுடி போன்ற மெல்லிய ரோமம், ஒவ்வொன்றின் நுனியிலும் விடியல் வெளிச்சம். எத்தனையோ ஏரிகளில் எவ்வளவோ பறவைகளைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. உடம்பு சிலிர்த்துவிட்டது. எது வறுத்தது, எது வறுக்காதது என்று இப்போது எனக்கே தெரியவில்லை. ஊறியதில் எல்லாமே மினுங்கின.

அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கொண்டுவந்தபோது அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பூஜை அலமாரியில் சாமி படங்களைக் கொஞ்சம் நகர்த்தி இடம்பண்ணி மாட்டி, இதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். அந்த வீட்டில் மாட்டிய என் முதல் படம் அது.

குழந்தை இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டம்மா வந்தால், "மருமகளுக்கு ஏதாச்சும் விசேஷமா?" என்று விசாரிக்காமல் போவதில்லை. அத்தை ராட்டையை நிறுத்தாமல் அந்தப் படத்தைக் காட்டுவார். "முளைச்சுக்கினுதான் இருக்குது. நீ மொதல்ல காபிய குடி" என்பார். நான் கேமராவை மாட்டிக்கொண்டு ஏரிக்குக் கிளம்புவேன்.