லைனில் நின்ற மாமனார்

நாத்தனார் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'ஒண்ணை அழுத்து'. குடும்பத்தில் யார் போன் செய்தாலும் முதலில் அதைச் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் நலம் விசாரிப்பார்கள். அவளுக்குக் கோபம் வராது. பிழைப்பே அதுதான். ஒரு கம்பெனிக்கு போன் செய்தால் ஆள் வருவதற்கு முன்னால் ஒரு பெண்குரல் வரவேற்று, இதற்கு ஒன்று, அதற்கு இரண்டு என்று வழி காட்டுமே, அந்தக் குரல் அவளுடையது. பிழைக்க வந்த ஊரில் தமிழ், அந்த ஊர் மொழி இரண்டையும் பிசிறில்லாமல் பேசத் தெரிந்தவர்கள் குறைவு. அதை நம்பித்தான் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, படுக்கையறைத் துணி அலமாரிக்குள் மைக்கை மாட்டினாள். கணவனின் கனத்த கோட்டுகள் எதிரொலியை விழுங்கிக்கொள்ளும். கோட்டுக் கைகள் தோளில் உரச, நின்றபடியே பேசுவாள்.

இரண்டு வருஷம் பார்க்கிறேன், காலூன்ற முடியாவிட்டால் பழைய ஆபீஸுக்கே போய்விடுகிறேன் என்று கணவனிடம் அவளே சொல்லியிருந்தாள். ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. வந்ததெல்லாம் துண்டு துக்காணி வேலைகள். கணவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலண்டர் பக்கத்தைக் கிழிக்கும்போது மட்டும் கொஞ்சம் நிதானமாகக் கிழித்தான்.

அப்போதுதான் தண்ணீர் வடிகட்டி கம்பெனியின் மேனேஜர் கூப்பிட்டார். ஆறு மாதம் முன்பு அவர்களுக்காக நாற்பத்திரண்டு வரிகள் பேசிக் கொடுத்திருந்தாள். குரல் ரொம்பப் பிடித்துப்போய்விட்டதாம். இனி அவர்களுடைய எல்லாக் கிளைகளுக்கும் அவளே பேச வேண்டும், வருஷ ஒப்பந்தம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொன்னால் போதும் என்றார். போனை வைத்துவிட்டு அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரித்தாள். ஆபீஸுக்குத் திரும்ப வேண்டாம் என்ற நினைப்பே அப்படி இனித்தது.

மாமனார் அந்த வாரம் சரியில்லை. முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஒரு ஆணி குறைந்தாலும் கண்டுபிடிப்பார். அப்படிப்பட்டவர் மூன்று நாளாகச் சாப்பாட்டுக்குப் பிறகு போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். தலையை ஆட்டினார். நடுநடுவே புன்னகை வேறு. மகளிடம் ஏதோ ரகசியம் பேசுகிறார் என்று இவள் கண்டுகொள்ளாமல் விட்டாள்.

வியாழக்கிழமை துணி காயப்போடப் போனவள் கதவைத் திறந்தாள். காது மந்தம் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "உங்கள் பொறுமைக்கு மிக்க நன்றி. இன்னும் சிறிது நேரம் இணைப்பிலேயே இருங்கள்" என்றது அவள் குரல்.

"சரிம்மா," என்றார் மாமனார், போனைப் பார்த்து.

வாளியைக் கீழே வைத்துவிட்டு யாரிடம் பேசுகிறீர்கள் என்று கேட்டாள். திருட்டு முழி முழித்தவர், கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கினார். கடைத்தெருவில் ஒரு பையன் இனிக்க இனிக்கப் பேசி, வடிகட்டியை மாதாமாதம் வந்து சுத்தம் செய்யும் திட்டத்தில் கையெழுத்து வாங்கிவிட்டானாம். வீட்டில் வடிகட்டியே கிடையாது. ஏமாந்தது வெளியே தெரிந்தால் அவமானம் என்று சத்தமில்லாமல் ரத்து செய்யப் பார்த்திருக்கிறார். ரத்துக்கு நான்கை அழுத்தினால் காத்திருக்கச் சொல்கிறது. காத்திருந்தால் சலுகை ஒன்றைச் சொல்கிறது. வேண்டாம் என்றால் திரும்ப முதல் வரிக்கே கொண்டுபோய் நிறுத்துகிறது.

"அதுக்கு மூணு நாளா நிப்பாங்களா மாமா? வெச்சிட வேண்டியதுதானே?"

"நீ பேசிட்டிருக்கும்போது எப்படிம்மா வைக்கிறது? மரியாதையா இருக்குமா?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு துணிகளை உதறி உதறிக் காயப்போட்டாள்.

இந்தத் தொழிலில் வரிகள் உதிரியாகத்தான் வரும். எண் போட்ட பட்டியல். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பேசி அனுப்ப வேண்டும். எது எதற்குப் பின்னால் வரும் என்று யாரும் சொல்வதில்லை, அவளும் கேட்டதில்லை. தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு வரிக்கும் பால் வடியும் முகம். பழைய பட்டியலை எடுத்துப் பார்த்தாள். முப்பத்தோராவது வரி: 'எங்கள் பணியாளரிடம் பேச பூஜ்யத்தை அழுத்தவும்.' நன்றாக நினைவிருந்தது. வறட்சியாக வருகிறதே என்று ஆறு முறை பேசிய வரி. மாமனாரின் போனில் முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டாள். அந்த வரி எங்குமே வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மேனேஜரைக் கூப்பிட்டு அதைத்தான் கேட்டாள். அவர் மறைக்கவெல்லாம் இல்லை.

"அது இருந்தா எல்லாரும் அதைத்தானே மேடம் அழுத்துவாங்க?"

அந்த ஒரு வரியைச் சேர்த்தால் ஒப்பந்தத்துக்குச் சம்மதம் என்றாள். வரிசை எங்கள் பாடு, குரல் மட்டும் உங்கள் பாடு என்று அவர் தன்மையாகவே சொன்னார். உங்கள் குரலில் காத்திருப்பவர்கள் கோபப்படுவதே இல்லை, அதனால்தான் உங்களைக் கேட்கிறோம் என்று பாராட்டவும் செய்தார். அவளுக்குச் சுருக்கென்றது. பால்கனியில் நின்ற மனிதரின் புன்னகை கண்முன் வந்து நின்றது.

"அப்போ வேற ஆளைப் பாத்துக்கோங்க சார்," என்றாள். குரல் நடுங்கியது. பேசிச் சம்பாதிக்கிறவளுக்கு அந்த நடுக்கம் வெட்கமாக இருந்தது.

அன்று மத்தியானம் மாமனாரை அழைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி அந்தக் கம்பெனியின் கிளைக்கே போனாள். கவுண்டரில் இருந்த பெண் ஐந்து நிமிஷத்தில் ரத்து செய்துவிட்டு, உங்கள் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று நெற்றியைச் சுருக்கினாள். "இருக்கும்," என்று சொல்லி இவள் ரசீதை வாங்கிக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் மாமனார் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

"என்னால உன் வேலை போச்சாம்மா?"

"உங்களால இல்ல மாமா. நான் முன்னாடியே கேட்டிருக்கணும்."

கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன், அப்பாவை நிற்க வைத்த குரல் நம் வீட்டு அலமாரியிலிருந்தா போனது என்று மட்டும் கேட்டுவிட்டு, தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினான்.

அதன் பிறகு அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். யார் வேலை கொடுக்க வந்தாலும், இப்போது இருக்கும் போன் எண்ணைக் கொடுங்கள், எந்த வரிக்குப் பின் எது என்ற வரிசையையும் அனுப்புங்கள் என்பாள். இதைக் கேட்டதுமே பாதிப்பேர் கழன்றுகொள்வார்கள். மீதிப்பேரின் எண் மாமனாரிடம் போகும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஸ்டோரில் சரக்குப் பார்க்கிற தோரணையில் கூப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்பு சொல்வார். ஒரு பல் டாக்டரின் எண்ணை ஒன்றரை நிமிஷத்தில் பாஸ் செய்தார். "எடுத்த பொண்ணு தும்மிட்டு சாரி சொல்லிச்சு. நிஜ ஆளுதான்."

இரண்டு வருஷக் கெடு வந்தபோது அவள் முழுசாகக் காலூன்றியிருக்கவில்லை. காலையில் மூன்று மணி நேரம் பழைய ஆபீஸுக்குப் போகிறாள். மத்தியானத்துக்கு மேல் அலமாரி. பல் டாக்டர், பிராணிகள் ஆஸ்பத்திரி, நூலகம் என்று நாலைந்து பேர் நிலையாக இருக்கிறார்கள். மாதக் கடைசியில் கவலை இருக்கத்தான் செய்கிறது.

போன வாரம் நூலகத்துக்குப் பேசிய வரிகள் லைனில் ஏறின. மாமனார் சோதிக்கக் கூப்பிட்டார். 'வணக்கம், உங்கள் நூலகத்துக்கு' என்று அவள் குரல் தொடங்கியதுமே பூஜ்யத்தை அழுத்திவிட்டார். பிறகு சமையலறைக்கு வந்து, காய் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நீ பேசும்போது குறுக்க அழுத்திட்டேன். தப்பா எடுத்துக்காத."

"அதுக்குத்தான் மாமா அது இருக்கு," என்றாள் அவள்.