சீர்வரிசையில் போன ஃபுல் பேக்

போன வாரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீ குடிக்கப் போயிருந்தேன். பக்கத்து பெஞ்சில் இரண்டு பையன்கள் ஒரு செல்போனைப் பார்த்துக்கொண்டு அடித்துக்கொள்ளாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு கிரிக்கெட் டீம், தன்னிடம் இருந்த நல்ல பந்துவீச்சாளனை இன்னொரு டீமுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு மட்டை பிடிக்கிற ஒருவனை வாங்கிக்கொண்டதாம். "இவனுகளுக்கு மூளை இருக்காலே? இப்பிடி எங்கயாச்சும் நடக்குமா?" என்று ஒருவன் கேட்டான். நடக்கும் தம்பி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. பெரிசு அறுக்க ஆரம்பித்துவிட்டது என்று எழுந்து போய்விடுவார்களோ என்று சும்மா இருந்துவிட்டேன். நீங்கள் அப்படி எழுந்து போகிற ஆள் இல்லை, அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

நான் சிவகாசியில் அச்சாபீஸ் வேலைக்குச் சேர்ந்த புதிது அது. எங்கள் முதலாளிக்கு ஊருக்குள் அச்சாபீஸ், நாரணாபுரம் பக்கம் பட்டாசுக் கம்பெனி, இரண்டுக்கும் சேர்த்து ஒரு ஹாக்கி டீம். ஹாக்கி என்றால் கோவில்பட்டிதானே என்பீர்கள். வாஸ்தவம்தான். ஆனால் அந்தக் காற்று எங்கள் பக்கமும் கொஞ்சம் அடித்தது. தீபாவளி முடிந்து கம்பெனி மூடியிருக்கிற நாட்களிலும் கோடையிலும் டோர்னமென்ட் நடக்கும். நானும் ஆசைப்பட்டு ஒருநாள் ஸ்டிக் பிடித்தேன். பந்தை விட்டுவிட்டு என் முழங்காலையே ஓங்கி அடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தேன். அன்றிலிருந்து ரசிகனாக மட்டும் இருந்துவிட்டேன். அதற்கும் ஆள் வேண்டுமல்லவா?

இன்றைக்கும் பைண்டிங் பசையின் புளிச்ச வாடை மூக்கில் ஏறினால் எனக்கு மாடசாமி அண்ணனின் கால்கள்தான் நினைவுக்கு வரும். காலண்டருக்கு வெட்டியது போக மிஞ்சிய அட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, காய வைத்து, வளைத்து, அவருக்குக் கால் தடுப்பு செய்து கொடுப்போம். கடையில் விற்கிற தடுப்பை அவர் போடமாட்டார். "இதுதாம்லே காலோட ஒட்டி நிக்கி" என்பார். ஒரு காலில் முருகன் பாதி முகம் தெரியும், இன்னொரு காலில் ஏதோ ஒரு மாதத்தின் தேதிகள் தெரியும். எதிர் டீம்காரர்கள் முதலில் சிரிப்பார்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு சிரிக்கமாட்டார்கள்.

மாடசாமி அண்ணன் பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர், எங்கள் டீமின் ஃபுல் பேக். கோலுக்கு முன்னால் கடைசி ஆளாக நிற்பவர். பெனால்டி கார்னர், அதாவது தப்பாட்டத்துக்குத் தண்டனையாக எதிர் டீமுக்குக் கிடைக்கிற கோலடிக்கும் வாய்ப்பு, என்றால் தடுக்கிறவர்கள் எல்லாரும் கோல் கோட்டில் நிற்க வேண்டும். பந்து உள்ளே தள்ளப்பட்டதும் மற்றவர்கள் யோசிப்பதற்குள் இவர் அடிக்கிறவன் முகத்துக்கு நேரே ஓடிக்கொண்டிருப்பார். அந்தக் கட்டாந்தரையில் பந்து எங்கே எகிறும் என்று யாருக்கும் தெரியாது. நெஞ்சில் வாங்குவார், தொடையில் வாங்குவார், ஒருமுறை வாயில் வாங்கி ரத்தம் துப்பிவிட்டு அப்படியே நின்றார். பார்க்கிற எனக்குத்தான் மயக்கம் வந்தது.

அவர் ஒரு கார்னரைத் தடுத்தால் எங்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு அணுகுண்டு வெடிக்கும். மற்ற ஊரில் கை தட்டுவார்கள். எங்கள் ஊரில் கை தட்டலுக்கு என்ன மரியாதை? குண்டு போடுவது சங்கையா அண்ணாச்சி. கம்பெனியில் சரக்கு சாம்பிளை வெடித்துப் பார்ப்பதுதான் அவர் வேலை. ஆறு நாளும் வெடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் வெடிப்பார். நாங்கள் கோல் போட்டால்கூட அவர் குண்டு போடமாட்டார். மாடசாமி தடுத்தால் மட்டும்தான். சத்தம் கேட்டதும் மாடசாமி அண்ணன் எங்கள் பக்கம் திரும்பி ஸ்டிக்கை ஒருதரம் உயர்த்திக் காட்டுவார்.

ஒரு தை மாதம் முதலாளியின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் விருதுநகரில் எண்ணெய் மில் வைத்திருந்தவர்கள். அவர்களுக்கும் ஒரு ஹாக்கி டீம் இருந்தது. அந்தச் சீரைப் பற்றி ஊரே பேசியது. பித்தளை அண்டாக்கள், கட்டில், பீரோ, தையல் மிஷின் என்று லாரியில் போயிற்று. கல்யாணம் முடிந்த கையோடு இன்னொரு செய்தியும் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா விருந்தில் இலையில் உட்கார்ந்தபடியே, "உங்க மாடசாமிய எங்களுக்குக் குடுத்துருங்க" என்று கேட்டாராம். எங்கள் முதலாளி மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டினாராம். சம்பந்தியும் சும்மா வாங்கவில்லை. பதிலுக்குக் கோல் போடுகிற ஆட்கள் இரண்டு பேரை, ஒரு சென்டர் ஃபார்வர்டையும் ஒரு ரைட் விங்கரையும், அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து காஜா பாயின் கடை வாசல் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. காஜா பாய் எங்கள் அச்சாபீசுக்கு எதிரில் பேப்பர் கடை வைத்திருந்தார். அவருக்குக் கோல் வேண்டும். "ஒருத்தரக் குடுத்து ரெண்டு பேர வாங்கிருக்காக. கணக்குப் போட்டுப் பாருங்கப்பா. கோல் போட்டாத்தான ஜெயிக்க முடியும்?" என்பார்.

சங்கையா அண்ணாச்சிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "ஏன் பாய், கதவக் களத்திக் குடுத்துட்டு ரெண்டு சன்னல் வாங்குவீகளா? வீட்டுல பொம்பளப்பிள்ளைக இருக்குல்ல?"

"ஆரம்பிச்சுட்டாரு அண்ணாச்சி. போன வருசம் கோலே போடாம எம்புட்டு ஆட்டம் டிரா ஆச்சு, மறந்துருச்சா?"

"டிராதான ஆச்சு? தோத்தமா?"

இப்படியே தினமும் நடந்தது. நான் இரண்டு பக்கமும் தலையாட்டுவேன், இரண்டு பேரிடமும் வடை கிடைத்தது. ஆனால் விளையாட்டுப் பேச்சாக இருந்தது மாடசாமி அண்ணன் வந்து நின்ற அன்றைக்கு மாறிப்போனது. அவர் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்குப் போக இஷ்டமில்ல அண்ணாச்சி. எம்பொஞ்சாதிக்கும் இங்கனதான் வேல. அண்டா குண்டாவோட என்னயும் ஏத்தி விடுதாக. நீங்க நாலு பேரு போய்ச் சொன்னா மொதலாளி கேப்பாக." காஜா பாய் அதற்கப்புறம் கணக்குப் பேசவில்லை. அவர்தான் முதலில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

முதலாளி எங்களை உட்கார வைத்துக் காபி கொடுத்தார். நல்ல மனுசர், அதையும் சொல்லவேண்டும். "எனக்கு மட்டும் சந்தோசமாய்யா? சம்பந்தி வாய் தொறந்து கேட்டுட்டாக. பொண்ணக் குடுத்தவன் இல்லன்னு சொல்ல முடியுமா?" என்றார். எங்களில் பாதிப் பேர் பெண்ணைப் பெற்றவர்கள். காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தோம். மறு வாரம் மாடசாமி அண்ணன் எண்ணெய் மில் வேலைக்குப் போய்விட்டார். அவருக்குச் செய்து வைத்திருந்த புதுத் தடுப்பு அச்சாபீஸ் பரணில் கிடந்தது.

கோடை டோர்னமென்ட் அரையிறுதியில் எங்கள் டீமும் விருதுநகர் டீமும் மோதின. புது சென்டர் ஃபார்வர்டு நன்றாகத்தான் ஆடினான், பொய் சொல்லக்கூடாது. முடிகிற நேரம் வரை கோல் இல்லை. அப்போது எங்களுக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. காஜா பாய் எழுந்து நின்று துண்டைச் சுற்றினார். பந்து உள்ளே வந்தது. கோட்டிலிருந்து ஓடி வந்தார் மாடசாமி அண்ணன், வேறு ஊர்ச் சட்டையில். பந்து அவர் தொடையில் பட்டு வெளியே போனது.

எங்கள் பக்கத்திலிருந்து அணுகுண்டு வெடித்தது.

சங்கையா அண்ணாச்சி கையில் பீடியோடு திகைத்து நின்றார். அவருக்கே தெரியாமல் பற்ற வைத்திருக்கிறார். அத்தனை வருசப் பழக்கம், கை அதன்பாட்டுக்கு வேலையைச் செய்துவிட்டது. எதிர் டீம்காரன் தடுத்ததற்கு, எங்களுக்கு வரவேண்டிய கோல் போனதற்கு, நாங்களே குண்டு போட்டிருக்கிறோம். அங்கே மாடசாமி அண்ணனுக்கும் அதே பழக்கம்தானே? சட்டென்று எங்கள் பக்கம் திரும்பி ஸ்டிக்கை உயர்த்தினார். பாதி உயர்த்திய பிறகுதான் அவருக்கு உறைத்தது. மெதுவாகக் கீழே இறக்கினார். எங்கள் கூட்டத்தில் சில பேர் அழுதோம். ஒரு ஹாக்கி ஆட்டத்துக்கு அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதை விருதுநகர்க்காரர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அன்றைக்கு அவர்கள்தான் ஜெயித்தார்கள், அதனால் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த டோர்னமென்டில் மறுபடியும் எங்களோடு ஆட்டம் வந்தது. ஒரு சாதாரணப் பந்து, கல்லில் பட்டு எகிறி அவர் ஸ்டிக்கைத் தாண்டிக் கோலுக்குள் போனது. யார் நின்றிருந்தாலும் போயிருக்கும். ஆனால் அந்த ஒரு கோலில் அவர்கள் தோற்றார்கள். "அவன் அங்கிட்டு ஆளுதான். குண்டு போட்டு மரியாத செஞ்சாகள்ல, நன்றிக்கடன் தீத்துட்டான்" என்று பேசினார்கள். அப்புறம் அவரை ஆட்டத்தில் இறக்கவில்லை. மூட்டை தூக்குகிற வேலை மட்டும் மிஞ்சியது.

காஜா பாய்தான் பொறுக்க முடியாமல் மறுபடி முதலாளியிடம் போனார். "அங்க சும்மா உக்கார வச்சிருக்காக மொதலாளி. நம்மளே திரும்பக் கூட்டிக்கிருவோம்." அதற்கு முதலாளி, "குடுத்த சீரத் திருப்பிக் கேட்டா எம்பொண்ணு அங்கன எப்பிடி பாய் குடும்பம் நடத்தும்?" என்றாராம். காஜா பாய் கடைக்கு வந்து இதைச் சொன்னபோது சங்கையா அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதற்கப்புறம் அவர் மைதானத்துக்கே வரவில்லை. சண்டை போட ஆளில்லாமல் காஜா பாயும் வருவதைக் குறைத்துக்கொண்டார். மாடசாமி அண்ணன் மனைவியையும் கூட்டிக்கொண்டு விருதுநகருக்கே குடி போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

பிறகு எல்லாமே ஒவ்வொன்றாகப் போயிற்று. முதலாளி காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் டீமைக் கலைத்துவிட்டார்கள். எண்ணெய் மில்லே இப்போது இல்லை. நாங்கள் உட்கார்ந்து கத்திய இடத்தில் லாரிகள் நிற்கின்றன. சங்கையா அண்ணாச்சி போய்ச் சேர்ந்துவிட்டார். காஜா பாய் மகனோடு சென்னையில் இருக்கிறார், காது கேட்பதில்லை என்கிறார்கள். நான் இன்னும் அதே அச்சாபீசில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் பின்னால் நின்று எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன வருசம் ஒரு பையன் தன் அப்பாவுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வந்தான். விருதுநகர் என்றான். அவன் நீட்டிய போட்டோவை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். முடி எல்லாம் கொட்டி, கன்னம் ஒட்டி இருந்தார். ஆனாலும் மாடசாமி அண்ணன்தான். பெயர், ஊர் எல்லாம் அடித்தாயிற்று. பெயருக்குக் கீழே ஹாக்கி வீரர் என்று போடச் சொன்னேன். அதற்கடுத்து டீம் பெயர் வரவேண்டும். எங்கள் டீமைப் போடுவதா, அவர்கள் டீமைப் போடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. "உங்கப்பாவுக்கு எந்த டீம் பேரு போடணும் தம்பி?" என்று அவனிடமே கேட்டேன்.

அவன் கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தான். "எங்கப்பா ஹாக்கி வெளாடுவாகளா?" என்றான்.

"ஆமாய்யா. ஃபுல் பேக்கு."

"அப்பிடின்னா என்ன சார்?"

நான் பதில் சொல்வதற்காகக் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணும் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.