ஐந்தரை மணி நேரப் பிழை

எரிந்த சர்க்யூட் கார்டின் வாடையை முகர்ந்திருக்கிறீர்களா? காலையில் மூக்கில் ஏறினால் மதியச் சாப்பாடு வரை இறங்காது...

ஓசூரில் மின்வாரிய உதவிப் பொறியாளராக நான் சேர்ந்த புதிது. தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு பட்டறையில், கம்ப்யூட்டர் இயக்கும் சிஎன்சி மெஷின்களின் கார்டுகள் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டிருந்தன. எப்போது எரிகிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

"உங்க கரண்ட்டுதாங்க மேடம் காவு வாங்குது. இப்படியே போனா பட்டறையத் தூக்கிட்டு கர்நாடகா பார்டர் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் போயிருவேன்," என்றார் முதலாளி.

எனக்கா பதற்றம்? அப்போதே கொஞ்சம் தெனாவட்டு உண்டு. மின்சாரத்தின் தரத்தை அளக்கும் அனலைசர் ஒன்றைக் கேட்டு வாங்கி, பட்டறையில் மூன்று நாள் மாட்டி வைத்தேன்.

கிராஃப் தெளிவாக இருந்தது. தினமும் காலை நாலே முக்கால் மணிக்கு வோல்டேஜ் ஒரு துள்ளு துள்ளுகிறது. பட்டறை பூட்டியிருக்கும் நேரம்! அப்படியானால் கோளாறு நம் லைனில்தான். பட்டறைக்குக் கரண்ட் போகும் அதே ஃபீடரில், விடிகாலையில் விவசாயப் பம்ப்செட்டுகளுக்கு லைனை மாற்றிவிடுபவர் லைன்மேன் முனிரத்தினம். நாலே முக்காலுக்கே சுவிட்சை மாற்றுகிறீர்களா என்று ஆபீசில் எல்லோர் முன்பும் அவரைக் கேட்டேன்.

சானமாவுக் காட்டோரம் யானை சாய்த்த கம்பத்தை நிமிர்த்திவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். சட்டையெல்லாம் சேறு.

"நான் ஆறு மணிக்குத்தான் மாத்துவேனுங்க மேடம். அதுக்கு முன்னாடி சுவிட்ச்ல கை வெச்சதே இல்ல."

"மெஷின் பொய் சொல்லாதுங்க."

"அப்ப நான் சொல்றது பொய்யாங்க?"

சீட்டுக்குத் திரும்பி, தவறு அவருடையது என்று ரிப்போர்ட்டை டைப் செய்தேன். அது மேலே போனால் அவருக்கு மெமோ. அந்த மாதம் வரவேண்டிய ஃபோர்மேன் பதவி உயர்வும் போய்விடும். அது தெரிந்தும்தான் டைப் செய்தேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மின்வாரியப் பொறியாளர்கள் சந்தேகம் கேட்கும் இணையக் குழு ஒன்று இருந்தது. கிராஃபை அதில் போட்டேன். முகம் தெரியாத யாரோ ஒருவர் ஒரே வரியில் திருப்பிக் கேட்டிருந்தார்: அனலைசரின் கடிகாரம் எந்த ஊர் நேரத்தில் ஓடுகிறது?

ஓடிப்போய்ப் பார்த்தேன். லண்டன் நேரம்... ஐந்தரை மணி நேரம் பின்னால். நாலே முக்கால் அல்ல, பத்தேகால்!

மறுநாள் பத்தேகாலுக்குப் பட்டறையில் நின்றேன். டீ முடிந்ததும் சூப்பர்வைசர், கரண்ட் பில்லைக் குறைக்க வைத்திருந்த கெப்பாசிட்டர் பேனல் முழுவதையும் ஒரே தட்டில் ஆன் செய்தார். அனலைசரில் அதே துள்ளல்! ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுப் போடச் சொன்னேன். அதன் பிறகு கார்டு எரியவில்லை. முதலாளியும் அத்திப்பள்ளிப் பேச்சை விட்டுவிட்டார்.

ரிப்போர்ட்டைக் கிழித்தேன். முனிரத்தினத்திடம் எல்லோர் முன்பும் மன்னிப்புக் கேட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"உடுங்க மேடம்," என்றார். லைனுக்குக் கிளம்பும்போது, "ஆனா அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கலீங்க," என்றார்.

இப்போது அனலைசர்கள் தாங்களாகவே உள்ளூர் நேரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கிராஃப் போனுக்கே வந்துவிடுகிறது. அந்தக் குழுவில் இன்று பதில் சொல்கிறவர்களில் நானும் ஒருத்தி. இந்த வேலை எனக்கு நன்றாக வரும், அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

போன வாரம் ஜவளகிரி லைன்மேன் ஒருவர் மீது ஒரு ரிப்போர்ட் என் கையெழுத்துக்கு வந்தது. "டேட்டா பக்காவா இருக்கு மேடம், நேர்ல எதுக்கு அவ்ளோ தூரம்?" என்றார்கள் ஜூனியர்கள்.

ஜீப்பை எடுக்கச் சொன்னேன். அந்த ஆள் சாப்பிட்டாரா என்று முதலில் கேட்க வேண்டும்.