கேட்டு வாங்காத வீடு

வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, காலில் மாமாவின் பழைய செருப்பு. வெள்ளை உடுப்புக்காரர்கள் வீட்டிலிருந்து என்னை யாரும் விரட்டவில்லை. விரட்டியிருந்தால் கோபப்பட வசதியாக இருந்திருக்கும்.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் தென்காசிப் பக்கத்திலிருந்து மாமாவோடு இங்கே வந்திருந்தேன். கம்பெனியில் மாமாவின் காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது. ஓசூரில் வேலை பேசிவிட்டு இரண்டு நாளில் வந்து கூட்டிப்போகிறேன் என்று, அடுத்த வீட்டில் என்னை விட்டுவிட்டுப் போனார்.

அந்த வீட்டில் ஐந்து பேர். ஒருவருக்கொருவர் உறவில்லை, கிறிஸ்தவ சபை ஊழியத்துக்கு வந்தவர்கள். ஆணும் பெண்ணும் வெள்ளைதான் உடுத்துவார்கள். நகை கிடையாது, டிவி கிடையாது, சுவரில் ஒரு படம்கூடக் கிடையாது. எங்கள் வரிசை வீடுகளில் இருந்தவர்கள் அவர்களைக் கேலி செய்வார்கள். எனக்கு அந்த வசதி இல்லை, சாப்பாடு அங்கே. ஆகவே நானே சில சட்டங்கள் போட்டுக்கொண்டேன். சினிமாப் பாட்டு முணுமுணுக்கக் கூடாது. அவர்கள் முழங்காலில் இருக்கும்போது குறுக்கே நடக்கக் கூடாது. பொய் சொல்லக் கூடாது. கடைசிச் சட்டம்தான் கஷ்டமாக இருந்தது. என் திருநீற்றை அழிக்கச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. ஜெபத்துக்கு வா என்றும் சொல்லவில்லை.

சமையல் பார்த்த சிஸ்டர் மட்டும் வாசலுக்கு வருவார். "இன்னா தம்பி, ரோட்டையே பாத்துகினு கீறே? சாப்புடு. வர்ற மாமா வரத்தான் போறாரு."

இரண்டு நாள் ஒன்பது நாளானது. மாமா வரவில்லை. ஏழாம் நாளிலிருந்து எனக்கு மட்டும் தட்டு வைத்தார்கள். அவர்களுக்கு உபவாசம் என்றார்கள். அம்மா செவ்வாய்க்கிழமை இருப்பதுபோல என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து பேர் கண்ணை மூடியிருக்க, நான் ரசம் உறிஞ்சும் சத்தம் எனக்கே கேட்டது. அவ்வளவு தனியாக நான் அதற்குமுன் சாப்பிட்டதில்லை.

ஒன்பதாம் நாள் இந்த உபவாசத்தைப் பற்றி எதிர் மளிகைக் கடை அண்ணாச்சியிடம் சொன்னேன். அவரும் எங்கள் பக்கத்து ஆள்.

"ஏல, அரிசி டின்னைத் தொறந்து பாத்தியா?"

"நான் எதுக்குப் பாக்கேன்?"

"போய்ப் பாருல. பட்டினி கெடந்தாலும் அவுக மனுசன்கிட்ட வாயத் தொறந்து கேக்க மாட்டாவ. தானா வந்தாத்தான் வாங்குவாவ."

பார்த்தேன். டின்னில் ஒரு கைப்பிடி இருந்தது. கடைக்கு ஓடி அரிசி கேட்டேன். அவர்கள்தானே கேட்கக் கூடாது, நான் கேட்கலாமே. அண்ணாச்சி பத்துக் கிலோ பையை என் தோளில் ஏற்றி, "நானாக் குடுத்தேன்னு சொல்லு, என்ன?" என்றார்.

சிஸ்டர் பையைப் பார்த்தார். "அவரா குடுத்தாரா, நீ கேட்டியா?"

என் சட்டம் குறுக்கே நின்றது. "நாந்தான் கேட்டேன்."

திட்டவில்லை. பையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே கடைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

"மன்னிச்சிக்குங்க அண்ணாச்சி. புள்ள தெரியாம கேட்டுட்டான்." பையை வைத்துவிட்டுத் திரும்பி இரண்டடி நடந்தார். நின்றார். மறுபடி வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இவனுக்கு மட்டும் ரெண்டு கிலோ குடுங்க. இவங்க மாமா இன்னும் வர்ல."

ஷிப்டு முடிந்து வந்த நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எனக்குக் காது சுட்டது. என் ஊர்ப்பக்கத்துக்காரர் முன்னால் என்னைப் பிச்சைக்காரனாக்கிவிட்டார். நான் கேட்டால் தப்பு, இவர் கேட்டால் சரியா? சிஸ்டர் அந்த இரண்டு கிலோவை வீட்டுக்குள் கொண்டுபோன நேரம் பார்த்துக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. பதினெட்டு வயது என்றேன், மேஸ்திரி நம்பியதுபோல எழுதிக்கொண்டார். எத்தனையோ வருஷம் அந்த உடுப்பில் இருந்தவர் ஒரு மனிதரிடம் வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவையாக இருந்திருக்கும் என்பதும், எனக்கென்று கேட்டு வாங்கிய அரிசியை நான் இல்லாத வீட்டில் அவர்கள் ஐந்து பேரும் தொட்டிருக்க மாட்டார்கள் என்பதும், சோற்று அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த எனக்குத் தோன்றவில்லை.